லோடரிலை இருக்கிறவர்

ஹவுகெட்டோ, ஒஸ்லோ
09.10.2022

யேசு மரி சூசை

அன்புள்ள சவிரிமுத்து மச்சானுக்கு,

இஞ்சை நானும் மேரியம்மாவும் மகள் நோராவும் ஆண்டவற்றை கிருபையாலை சுகமா இருக்கிறம். குளிர் துவங்கினவுடனை என்ரை இடுப்பு நாரி மட்டும் முறைச்சுக்கொண்டு நிக்குது. உங்கடை சீனி வருத்தம் எந்த மட்டிலை? உங்கடை தங்கச்சி, எங்கடை புஷ்பராணி அண்ணியின்ரை முழங்கால் எப்பிடி?

உங்களோடை ரெலிபோனிலை கதைச்சால் நான் ஒண்டு கேக்க நீங்கள் வேறை ஒண்டுக்கு ஓம் எண்டுறியள். நாப்பது வருசம் மெசினுக்குப் பக்கத்திலை நிண்ட காது வேறை என்ன செய்யும்? அதாலை பழையபடி கடிதமே எழுதுவம். ஆனால் இந்தமுறை எழுதிறதுக்கு விசயம் இருக்கு.

போன சனிக்கிழமை புருசெத் பள்ளிக்கூடத்திலை பழைய சாமான் சந்தை வைச்சவை. விளையாட்டுச் சாமான் மேசையிலை, உடைஞ்ச ரெயின் பெட்டியளுக்குக் கீழை மஞ்சளா ஒண்டு தெரிஞ்சுது. இழுத்துப் பாத்தால் டிங்கி பொம்மைக் கொம்பனி செய்த, மண் அள்ளுற மியூர்ஹில் லோடர்! பெயின்ற் உரிஞ்சு, ஒரு ரயர் இல்லை. ஆனால் பக்கற் மட்டும் சோக்கா மேலை கீழை போகுது. நான் கை வைக்க, மற்றப் பக்கத்தாலை இன்னொரு கை வந்து பிடிச்சுது. எண்பது வயசு மதிக்கத்தக்க ஒரு நோர்வேக்காரர். ஆர்னே எண்டு பேர்.

"விக்கவோ வாங்கிறீர்?" எண்டு கேட்டார்.

"இல்லை, வைச்சிருக்க. நான் இந்த நகரத்திலை இருபது வருசம் லோடரிலை றோட்டிலை விழுற சினோ அள்ளினனான். என்ரை அண்ணர் ஊரிலை இதே சாதி இங்கிலாந்து மெசின் ஓட்டினவர்."

அவர் கையை விட்டிட்டார். "அப்ப சின்னது உம்மட்டை இருக்கட்டும். பெரிசு என்னட்டை இருக்கு."

மச்சான், பகிடியில்லை. ஒஸ்லோவிலையிருந்து முக்கால் மணித்தியாலம் வடக்காலை, இப்ப ஆரும் வேலை செய்யாத, கிரவல் தோண்டின ஒரு கிடங்கு. அதுக்குள்ளை அறுபதுகளிலை செய்த மியூர்ஹில் நிக்குது. மேலை தகரக் கூரை, நாலு பக்கமும் திறந்தபடி. பக்கற்றின்ரை அடியிலை ஒரு பெரிய இரும்புத் துண்டு ஒட்டிக் கிடக்கு. ஆர்னே திறப்பைப் போட, எஞ்சின் பிடிச்சுது. அந்தச் சத்தத்தைக் கேட்டவுடனை எனக்கு லூர்து அண்ணையின்ரை சாறத்து மணம் வந்தது. மேலை எழுத எனக்குத் தெரியேல்லை.

நாலு படம் எடுத்தனான். நோரா கடையிலை குடுத்துப் பெரிசாக் கழுவிக்கொண்டு வந்தவள். இதோடை அனுப்பிறன்.

எல்லாரையும் விசாரிச்சதாச் சொல்லுங்கோ.

அன்புடன்
டானியல்

டார்பி, இங்கிலாந்து
30.10.2022

அன்பு டானியல்,

உம்மடை கடிதமும் படங்களும் பத்திரமா வந்து சேர்ந்தது. நான் பத்தியத்திலை இருக்கிறன், புஷ்பராணி நடமாடுறாள். அதுவே போதும். நீர் நாரியைப் பாத்துக்கொள்ளும். கண்ட மெசினிலை ஏறிக் குதியாதையும்.

படத்தைப் பாத்திட்டு நான் சாப்பாட்டு மேசையிலையிருந்து எழும்பேல்லை. அந்த முன் அச்சையும் பக்கற் கையின்ரை வளைவையும் பாத்தால் ஊர் மெசினுக்குக் கூடப்பிறந்தது மாதிரிக் கிடக்கு. மன்னார் றோட்டுக்குக் கிரவல் அள்ளின நாளிலை லூர்து அத்தான் மேலை இருக்க, நான் கீழை படுத்துக் கிறீஸ் அடிப்பன். பின் சில்லாலை வளைக்கிற மெசின். பாரத்தோடை திருப்பேக்கை குண்டி ஒருபக்கம் வழுக்கும். புதுசா வாறவன் பயந்து போவான். அத்தான் ஒரு கையாலை திருப்புவார்.

போன கிழமை இஞ்சை விளையாட்டு மெசின் சந்தையிலை மச்பொக்ஸ் பொம்மைக் கொம்பனியின்ரை சின்ன மஞ்சள் வெதறில் லோடர் ஒண்டு வாங்கினனான். பெட்டியும் இருக்கு. ஆனால் உம்மடை மியூர்ஹில்லுக்கு முன்னாலை இது சும்மா. அதுக்கு ரயர் நான் தேடி அனுப்பிறன்.

மற்றது ஒண்டு கேக்கவேணும். மூண்டாவது படத்திலை மெசின்ரை ஆசனத்திலை இருக்கிறது ஆர்? ஆர்னேயோ? ஞாபகமா எழுதும். இன்னும் ரெண்டு மூண்டு படம் எடுத்தால் நல்லது. இடது பக்கத்தாலை எடும்.

மேரியம்மாவுக்கும் பிள்ளைக்கும் எங்கடை அன்பு.

சவிரிமுத்து

ஹவுகெட்டோ
14.11.2022

அன்புள்ள மச்சானுக்கு,

இஞ்சை எல்லாரும் சுகம். முதல் சினோ விழுந்திட்டுது. ரயர் வந்தது, நல்லாப் பொருந்துது, நன்றி.

மூண்டாவது படத்திலை ஆசனத்திலை ஒருத்தரும் இல்லை, மச்சான். படம் எடுக்கேக்கை ஆர்னே எனக்குப் பக்கத்திலை சிகரட் சாம்பலைப் பீப்பாவிலை தட்டிக்கொண்டு நிண்டவர். வேறை ஆளே அங்கை இல்லை. கூரைத் தகரத்தின்ரை நிழல் விழுந்து உங்களுக்கு அப்பிடித் தெரிஞ்சிருக்கும். நோராவுக்கும் காட்டினனான். "வெறும் சீற், அப்பா" எண்டாள். கண்ணாடியை மாத்துங்கோ.

கேட்டபடி இடது பக்கத்தாலை எடுத்த மூண்டு படம் வைச்சிருக்கிறன். அண்ணிக்கும் காட்டுங்கோ, ஆனால் மனசைக் குழப்பாமல் காட்டுங்கோ.

அன்புடன்
டானியல்

டார்பி
20.12.2022

அன்பு டானியல்,

உங்கள் மூண்டு பேருக்கும் பாலன் பிறப்பு வாழ்த்துகள். பதில் பிந்தினதுக்குக் குறை நினையாதையும். எனக்குச் சுகம்தான், வீட்டிலை கொஞ்சம் அலுவல். புஷ்பராணி இப்ப நல்லாச் சாப்பிடுறாள், நல்லா நித்திரை கொள்ளுறாள். அவள் பாட்டுப் படிக்கிறதைக் கேட்டு எத்தினை வருசம்! என்ரை காதுக்கே கேக்குது எண்டால் பாரும்.

கண்ணாடி மாத்தினனான்.

சிரியாதையும், ஒண்டு கேக்கிறன். அந்தக் கிடங்கிலை, உம்மடை படத்துக்குள்ளை வராத பக்கத்திலை, கவிட்டு வைச்ச நீல நிறத் தோணி ஒண்டு இருக்கோ? அதுக்குப் பக்கத்திலை சிவப்புக் கதவு போட்ட கொட்டில்?

இருந்தால் இருக்கெண்டும் இல்லாட்டி இல்லையெண்டும் மட்டும் எழுதும். படம் இன்னும் இருந்தால் அனுப்பும்.

சவிரிமுத்து

ஹவுகெட்டோ
08.01.2023

அன்புள்ள மச்சானுக்கு,

புது வருசம் உங்களுக்கு நல்லா அமையட்டும். நாங்கள் சுகம் எண்டுதான் எழுதவேணும். ஆனால் உங்கடை கடிதம் வந்த நாள் துவக்கம் எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை.

தோணி இருக்கு. நீலம்தான். சிவப்புக் கதவும் இருக்கு. ஒரு படத்திலையும் அது விழேல்லை. வீட்டிலை இருக்கிற எல்லாத்தையும் மேசையிலை பரப்பிவைச்சு மேரியம்மாவோடை சேர்ந்து பாத்தனான்.

மச்சான், உங்களை எனக்குத் தெரியும். நீங்கள் இல்லாததைக் காணுற ஆள் இல்லை. மெசினிலை ஒரு ஆணி தளர்ந்தால் கண்டுபிடிப்பியள், பேய் வந்து நிண்டாலும் தள்ளி நில் எண்டுவியள். அப்ப காணுறது ஆர்? அண்ணியோ?

முப்பத்தெட்டு வருசமா நாங்கள் ரெண்டு பேரும் மெசினைப் பற்றித்தான் கதைக்கிறம். அண்ணையைப் பற்றிக் கதைக்கிறேல்லை. அண்ணை காணாமல்போன அண்டைக்கு மெசின் எஞ்சின் ஓடினபடி நிண்டது, ஆள் இல்லை. அதுக்கு மேலை ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. ஆமி கொண்டுபோனதோ, ஆர் கொண்டுபோனதோ, அதுவும் தெரியாது. நீங்கள் டார்பியிலை பொம்மை லோடர் சேர்க்கிறியள், நான் இஞ்சை சேர்க்கிறன். ஏன் சேர்க்கிறம் எண்டு ஆளையாள் கேட்டதில்லை. இப்ப கேக்கிறன். ஒளிக்காமல் எழுதுங்கோ.

டானியல்

டார்பி
12.02.2023

அன்பு டானியல்,

மேரியம்மாவுக்குக் காய்ச்சல் எண்டு உறவுக்காரர் மூலமாக் கேள்விப்பட்டனான். இப்ப சுகமெண்டு நினைக்கிறன்.

நீர் சரியாத்தான் பிடிச்சீர். எனக்கு ஒண்டும் தெரியேல்லை. முதல் படத்திலையும் தெரியேல்லை, கடைசிப் படத்திலையும் தெரியேல்லை. புஷ்பராணிதான் காணுறாள்.

முதல் நாள் அவள் தேத்தண்ணி கொண்டுவந்தவள், என்ரை தோளுக்கு மேலாலை எட்டிப் பாத்திட்டு, "அத்தானும் நிக்கிறார்" எண்டு சும்மா சொல்லிப்போட்டுப் போயிட்டாள், டானியல். கடைக்குப் போய் வாறன் எண்டு சொல்லுறது மாதிரி. பேந்து மாடிக்கு ஏறேக்கை நாலாவது படியிலை நிண்டு கத்தத் துவங்கினாள்.

முகம் தெரியேல்லையாம். முதுகும் தோளும்தான். மற்றப் பக்கம் திரும்பி எதையோ பாத்துக்கொண்டிருக்கிறாராம். தோணியையும் கொட்டிலையும் அவர் பாக்கிறதாலை தானும் பாக்கிறன் எண்டாள். ஒவ்வொரு நாளும் பின்னேரம் முகம் கழுவிச் சீலை மாத்திப்போட்டுத்தான் படத்தை எடுப்பாள். நான் டாக்குத்தரிட்டைக் கூட்டிக்கொண்டு போனனான். புத்தி தெளிவா இருக்காம், பயப்பிடத் தேவையில்லையாம்.

அத்தானுக்கு ஒரு பூசை ஒப்புக்குடுப்பம் எண்டு எத்தினை வருசம் கேட்டனான். "உயிரோடை இருக்கிறவருக்கு ஏன் செத்த பூசை?" எண்டு சண்டை பிடிச்சவள். இப்ப பாரும், தான் சொன்னது சரி எண்டுறாள்.

இப்ப ஒஸ்லோவுக்கு வரப்போறாளாம். மெசினைப் பாக்கவேணுமாம். நான் என்ன சொல்லுறது?

சவிரிமுத்து

ஹவுகெட்டோ
05.03.2023

அன்புள்ள மச்சானுக்கு,

மேரியம்மா தேறிட்டா. உங்கடை சுகம் எழுத மறந்திட்டியள்.

அண்ணி வரவேண்டாம். கிடங்கு முழுக்கச் சினோ. அதுக்கு மேலை ஐஸ். முழங்கால் ஏலாத மனிசி விழுந்தால் ஆர் பதில் சொல்லுறது?

ஐஸ் ஒரு சாட்டுத்தான். உங்களுக்குச் சொல்லாமல் விடேலாது. மாசியிலை ஒரு நாள் ஆர்னேயோடை அங்கை போனனான். பக்கற்றை நிலத்திலை இறக்கிவைச்சிட்டு நிப்பாட்டிறதுதான் அவற்றை பழக்கம். நாங்கள் கொட்டிலுக்குள்ளை கோப்பி குடிச்சிட்டு வெளியிலை வந்தம். பக்கற் நிலத்தை விட்டு ஒரு சாண் மேலை நிண்டுது. அதுக்குக் கீழை இருந்த சினோவிலை பக்கற்றின்ரை அச்சு அப்பிடியே கிடந்தது. எஞ்சின் ஓடேல்லை. திறப்பு ஆர்னேயின்ரை பொக்கற்றிலை.

நீங்கள் மெக்கானிக். ஹைட்றோலிக் காலப்போக்கிலை இறங்கும் எண்டு எனக்குப் படிப்பிச்சது நீங்கள்தான். தானா ஏறுமோ?

ஆர்னே அதைப் பாத்தார். இது முதல் தரம் இல்லை எண்டு அவற்றை முகத்திலை கண்டனான். அதுக்குப் பிறகு நான் போகேல்லை. படமும் இனி எடுக்கமாட்டன்.

டானியல்

டார்பி
27.03.2023

அன்பு டானியல்,

ஏறாது.

புஷ்பராணி கோயில் ஆக்களைப் பிடிச்சு ரிக்கற் எடுத்திட்டாள். மே மாசம் அஞ்சாந்திகதி பின்னேரம் வந்திறங்குவாள். என்ரை காது இருக்கிற நிலைமைக்குப் பிளேன் ஏறக்கூடாதெண்டு டாக்குத்தர் சொல்லிப்போட்டார். நீர்தான் கூட்டிக்கொண்டு போகவேணும். உம்மடை அண்ணியை உம்மை நம்பி விடுறன்.

உடம்பைப் பாத்துக்கொள்ளும்.

சவிரிமுத்து

ஹவுகெட்டோ
15.05.2023

யேசு மரி சூசை

அன்புள்ள மச்சானுக்கு,

அண்ணி சுகமா வந்து சேர்ந்திருப்பா. விமான நிலையத்திலை ஏத்திவிடேக்கை நல்லாத்தான் இருந்தா. என்ன நடந்தது எண்டு அவ உங்களுக்குச் சொன்னாவோ தெரியாது. நான் கண்டதை எழுதிறன்.

வந்த மற்ற நாள் தலை முழுகி, ஒரு பச்சைச் சீலையைக் கட்டி, அதுக்கு மேலை மேரியம்மாவின்ரை குளிர் ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு முன்வாசலிலை நிண்டா. ட்வெய்ட்டாவிலை நிப்பாட்டி ஆர்னேக்குக் கேக் வாங்கினனான். அப்ப, "அவருக்கு இனிப்புப் பிடிக்காது தம்பி" எண்டா. ஆரைச் சொன்னா எண்டு நான் கேக்கேல்லை.

கிடங்கிலை சினோ கரைஞ்சு எல்லாம் சேறு. ஆர்னே தொப்பியைக் கழட்டிக் கும்பிடுற மாதிரித் தலை குனிஞ்சார். அண்ணி அவரைக் கவனிக்கவேயில்லை. மெசினைக் கண்டிட்டா. "நீங்கள் ரெண்டு பேரும் இதிலை நில்லுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு, சீலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு சேத்துக்குள்ளாலை தனிய நடந்து போனா. அந்தநாளிலை சாப்பாட்டுக் கரியரோடை வந்து நிண்டமாதிரி, பின் சில்லடியிலை போய் நிண்டா. ஆசனத்தை அண்ணாந்து பாத்தா.

எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. கை சும்மா நிக்கேலாமல் ஒரு படம் எடுத்தனான். எடுக்கமாட்டன் எண்டு எழுதினதும் நான்தான்.

கனநேரம் நிண்டா. பேந்து அவவின்ரை தோள் திடுக்கிட்டது. ஒரு அடி பின்னுக்கு வைச்சா. நான் ஓடிப்போனனான்.

"அண்ணி, என்ன?"

"அவர் திரும்பினவர், தம்பி."

நான் ஆசனத்தைப் பாத்தன். கிழிஞ்ச தோல் சீற்றும் மழைத் தண்ணியும்தான்.

"இது அவரில்லை."

"ஆரண்ணி?"

"வெள்ளைக்காரப் பொடியன். செம்பட்டைத் தலை. முப்பது வயசு வராது. என்னைக் கண்டவுடனை தன்ரை மனிசிதான் வந்திட்டாள் எண்டு எழும்பினவன், தம்பி. முகம் அப்பிடி மலர்ந்தது. நான் அவளில்லையெண்டு கண்டவுடனை திரும்ப இருந்திட்டான்."

ஆர்னேக்கு நான் இதை நோர்வேயிலை சொன்னனான். அவர் சிரிப்பார் எண்டு நினைச்சன். அவர் தொப்பியைக் கையுக்குள்ளை கசக்கிக்கொண்டு, "செம்பட்டை எண்டோ சொன்னவ?" எண்டு மட்டும் கேட்டார். இந்த மெசினை இருவத்தஞ்சு வருசமா வைச்சிருக்கிறாராம். ஒருநாளும் அதின்ரை ஆசனத்திலை சாப்பிடவோ ஆறுதலா இருக்கவோ ஏலாதாம். "ஆற்றையோ கதிரையிலை போய் இருந்தமாதிரி இருக்கும்" எண்டார்.

திரும்பி வரேக்கை அண்ணி அழுதா. அழுகை நிண்ட பிறகு என்ன சொன்னா தெரியுமோ?

"ஏழு மாசமா வேறை ஒருத்தியின்ரை புருசனுக்கு முன்னாலை நான் சீலை மாத்திக்கொண்டு இருந்திருக்கிறன்."

நான் காரை ஓரமா நிப்பாட்டிப்போட்டன். அவ முந்தானையாலை முகத்தைத் துடைச்சா.

"அவளுக்கு ஆர் தம்பி சொல்லுறது? அவள் எங்கையோ பாத்துக்கொண்டிருப்பாள்தானே."

அண்டைக்கு எடுத்த படத்தை இதோடை வைச்சிருக்கிறன். அண்ணி சில்லடியிலை நிக்கிறா. என்ரை கண்ணுக்கு வேறை ஒண்டும் இல்லை.

அன்புடன்
டானியல்

டார்பி
02.07.2023

அன்பு டானியல்,

உம்மடை நாரி இந்த வெயிலுக்குக் கொஞ்சம் இளகியிருக்கும். இஞ்சை எனக்குப் புதுக் காது மெசின் பூட்டியிருக்கினம். குருவி கத்திறது கேக்குது.

புஷ்பராணி எல்லாத்தையும் சொன்னாள். பழைய படங்களை இப்ப எடுக்கிறேல்லை. நீர் கடைசியா அனுப்பினதை மட்டும் வைச்சிருக்கிறாள். ஆனால் என்னை இருக்க விடேல்லை. "அண்ணை, உங்கடை மெசின் ஆக்களிட்டைக் கேளுங்கோ, அந்தப் பொடியன் ஆரெண்டு கேளுங்கோ." செம்பட்டைத் தலை எண்டு எத்தினை பேரிட்டைப் போய்க் கேக்கிறது?

அவளின்ரை கரைச்சல் தாங்கேலாமல் போன மாசத்துச் சந்தைக்குப் படத்தைக் கொண்டுபோனனான். பொம்மை லோடர் விக்கிற றோய் எண்டொரு கிழவர் எனக்குப் பழக்கம். முந்தி கல்லுடைக்கிற இடங்களிலை வெல்டிங் வேலை செய்தவர். நாங்கள் சந்திச்சால் பிறே லோடர் நல்லதோ மியூர்ஹில் நல்லதோ எண்டு பொழுதுபடும் மட்டும் சண்டை. படத்தைக் குடுத்தன். பக்கற்றின்ரை அடியிலை ஒட்டிக் கிடக்கிற இரும்புத் துண்டைக் கண்டவுடனை ஆள் பேச்சை நிப்பாட்டிப்போட்டார்.

"இதை ஒட்டினது நான். இது இன்னும் இருக்கோ?" எண்டார்.

இஞ்சையிருந்து ஒரு மணித்தியாலத்திலை, இப்ப மூடிக் கிடக்கிற ஒரு சுண்ணாம்புக்கல் கிடங்கிலை வேலை செய்த மெசினாம். ஓட்டினவன் கென் எண்டொரு பொடியன். அறுபத்தேழாம் ஆண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரம், எஞ்சின் ஓடினபடி நிண்டதாம். ஆள் இல்லை. கிடங்குத் தண்ணியை இறைச்சும் பாத்தவையாம். வேறை ஒருத்தியோடை ஓடிட்டான் எண்டு சிலபேர் கதைச்சவையாம். அதுக்குப் பிறகு அதிலை ஏறி இருக்க ஒருத்தரும் சம்மதிக்கேல்லை, முதலாளி வித்துப்போட்டார், அது கைமாறிக் கைமாறி நோர்வேக்குப் போயிட்டுது.

"அவனுக்கு என்ன நிறத் தலைமயிர்?" எண்டு கேட்டன்.

"கரட் மாதிரி" எண்டார்.

எஞ்சின் ஓடினபடி எண்ட சொல்லைப் புஷ்பராணிக்குச் சொல்லாமல் விடுவம் எண்டுதான் நினைச்சனான். ஆனால் நான் கென் காணாமல் போனவன் எண்டு துவங்கவே, "எஞ்சின் ஓடினபடி நிண்டிருக்கும்" எண்டு அவளே முடிச்சாள்.

கென்னின்ரை மனிசி உயிரோடை இருக்கிறாவாம். டொறீன். எண்பது தாண்டிட்டுது, வயசுபோனவையைப் பராமரிக்கிற வீட்டிலை. பிறகு கலியாணம் முடிக்கவே இல்லையாம்.

போறதோ விடுறதோ? ஆறின புண்ணைக் கிளறுற வேலையோ இது? எழுதும்.

சவிரிமுத்து

ஹவுகெட்டோ
21.07.2023

அன்புள்ள மச்சானுக்கு,

எல்லாரும் சுகம். உங்கடை கடிதத்தை நாலுபேரும் இருந்து வாசிச்சம். ஆர்னேயும் வந்தவர், நான் நோர்வேயிலை சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவர்.

அந்தப் புண் ஆறியிருக்காது, மச்சான். எங்கடை ஆறினதோ? ஆரேனும் ஒருத்தர் கதவைத் தட்டி, கண்டனான் எண்டு சொன்னால் அம்மா அந்த ஆளின்ரை காலிலை விழுந்திருப்பா. அண்ணியைக் கூட்டிக்கொண்டு போங்கோ.

டானியல்

டார்பி
20.08.2023

யேசு மரி சூசை

அன்பு டானியல்,

எனக்கும் தங்கச்சிக்கும் சுகம். இதை எழுத நாலு தரம் துவங்கிக் கிழிச்சுப்போட்டன்.

போன புதன்கிழமை போனம். பொம்மை லோடர் ஒண்டைப் பையிலை கொண்டுபோனனான், என்னத்தைச் சொல்லித் துவங்கிறதெண்டு தெரியாமல். பழைய மெசினுகளைப் பற்றி ஞாபகம் சேர்க்கிற ஆக்கள் எண்டு சொல்லித்தான் உள்ளுக்கு விட்டவை. டொறீன் சன்னலடியிலை கதிரையிலை இருந்தா. மெலிஞ்ச மனிசி, ஆனால் குரல் கணீரெண்டு. பொம்மையை வாங்கி மடியிலை வைச்சு, பக்கற்றை விரலாலை உயர்த்திப் பாத்தா.

"என்ரை கென் இதிலை பெரிசு ஓட்டினவர்" எண்டா.

"தெரியும் அம்மா. அந்த மெசின் இப்பவும் இருக்கு. நோர்வேயிலை." நான் படத்தை எடுத்தன். புஷ்பராணி கண்டதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லை. மெசினை மட்டும் காட்டுவம், பிறகு பாப்பம் எண்டு நினைச்சன்.

மனிசி கண்ணாடியைத் தேடிப் போட்டா. படத்தை வெளிச்சத்துக்குப் பிடிச்சா.

"ஓம், கென்தான்" எண்டா. அழேல்லை, அதிர்ச்சிப்படேல்லை. பேப்பரிலை தெரிஞ்ச ஆளைக் கண்டமாதிரி. "தொப்பியை எங்கையோ விட்டிட்டார். தலை வாராமல் இருக்கிறார் பாருங்கோ."

புஷ்பராணி அவவின்ரை முகத்தையே பாத்துக்கொண்டிருந்தாள். இங்கிலிசு பெரிசா விளங்காது அவளுக்கு.

டொறீன் படத்தை இன்னும் கிட்டக் கொண்டுபோனா. பிறகு புஷ்பராணியை நிமிர்ந்து பாத்தா. திரும்பப் படத்தைப் பாத்தா.

"சில்லடியிலை நிக்கிறது இவதானே?"

"ஓம் அம்மா, என்ரை தங்கச்சி."

"அப்ப பக்கத்திலை ஒட்டிக்கொண்டு நிக்கிற அந்தக் கறுத்த மனிசன் ஆர்? இவவின்ரை புருசனோ?"

டானியல், புதுக் காது மெசின் பிழையாக் கேக்குது எண்டு முதல் நினைச்சன். திரும்பக் கேட்டன். திரும்பவும் அதையே சொன்னா. நல்ல உயரம், சேட்டின்ரை கையை முழங்கை மட்டும் மடிச்சு விட்டிருக்கிறார், இடது கண்புருவத்திலை ஒரு வெட்டு எண்டா. அந்த வெட்டு எப்பிடி வந்தது எண்டு எனக்குத் தெரியும், உமக்கும் தெரியும். சங்கிலி அறுந்த அண்டைக்கு அத்தானை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனது நான்.

"அண்ணை, என்னவாம்?" புஷ்பராணி என்ரை கையைப் பிடிச்சு இழுத்தாள்.

பொய் சொல்லலாம். சொன்னால் அவளுக்குத் தெரியவும் வராது. ரெண்டு பொம்பிளையளும் என்னைப் பாத்துக்கொண்டே இருந்தவை. கடைசியிலை தமிழிலை அப்பிடியே சொன்னன். அத்தான் உனக்குப் பக்கத்திலை நிண்டவராம் பிள்ளை, அண்டைக்கு. நீ மேலை பாத்துக்கொண்டு நிக்கேக்கை.

அவள் அழுவாள் எண்டு நினைச்சன். படத்தை வாங்கி ஒருக்காப் பாத்தாள். அவளுக்கு ஒண்டும் தெரியேல்லை. திரும்ப மனிசியின்ரை கையிலை குடுத்தாள்.

"மெலிஞ்சிட்டாரோ எண்டு கேளுங்கோ, அண்ணை."

கேட்டன். டொறீன் அவசரப்படேல்லை. நல்லா ஆறுதலாப் பாத்தா.

"மெலியேல்லை எண்டு சொல்லுங்கோ. நல்லா இருக்கிறார். இவவைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

பிறகு அவவின்ரை முறை. புஷ்பராணியைக் கண்டு கென் எழும்பினவரோ எண்டு, நாங்கள் ஒண்டும் சொல்லாமலே அவ கேட்டா, டானியல். எழும்பினவர், முகம் மலர்ந்தது எண்டு புஷ்பராணி சொன்னாள். நான் இங்கிலிசிலை சொன்னன். என்ன உடுப்பு, தோள் கூனியிருக்கோ, கையிலை மோதிரம் இருந்ததோ எண்டு அவ கேக்க, இவள் சொல்ல, இவள் கேக்க, அவ சொல்ல, தேத்தண்ணி கொண்டுவந்து வைச்சது ஆறிப்போச்சு. அவ்வளவு நேரமும் நான் ஒரு குழாய் மாதிரித்தான். ரெண்டு பக்கத்துக் கதையும் எனக்குள்ளாலை போச்சுது.

வெளிக்கிடேக்கை டொறீன் படத்தைத் தரேல்லை. நாங்களும் கேக்கேல்லை. பொம்மையைத்தான் திருப்பித் தந்தவ.

காருக்குள்ளை புஷ்பராணி கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். நித்திரை எண்டு நினைச்சன். பாதி வழியிலை சொன்னாள்:

"இனிப் பூசை ஒப்புக்குடுப்பம் அண்ணை. டானியலுக்கும் எழுதுங்கோ, ஒஸ்லோவிலையும் ஒண்டு குடுக்கட்டும். அந்தப் பொடியன்ரை பேரையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கோ."

ஆகவே டானியல், தமிழ்ப் பூசை நடக்கிற ஞாயிறு ஒண்டைப் பாத்துச் சுவாமியாரிட்டைக் குடும். லூர்து, கென்னத். இந்த ரெண்டு பேரும்தான். ஆர்னே விரும்பினால் அவரையும் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போம்.

நோராவுக்கும் மேரியம்மாவுக்கும் என்ரை அன்பு. உங்கள் எல்லாருக்காகவும் மண்டாடிக்கொண்டு,

சவிரிமுத்து